செத்தபின் வந்த பதவி உயர்வு

கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கிலாந்தில் பாடாத தெரு இல்லை என்னும் அளவுக்குப் பிரபலமான ‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ பாட்டின் பெயரிலேயே ஒரு சின்னப் பிழை. வென்செஸ்லாஸ் ராஜா இல்லை. கதை நடப்பது கிறிஸ்துமஸ் அன்றும் இல்லை. மறுநாள், டிசம்பர் 26.

வென்செஸ்லாஸ் 10ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவை, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியை, ஆண்ட கோமகன். குடும்பமோ மெகா சீரியல். வளர்த்தது பாட்டி லுட்மிலா. மாமியார் மருமகள் சண்டை முற்றியதில், அம்மா ட்ரஹோமீரா அனுப்பிய ஆட்கள் பாட்டியின் கழுத்தை நெரித்தார்கள். பாட்டியின் முக்காடே கயிறாகப் பயன்பட்டதாம்!

அடுத்து தம்பி போலெஸ்லாவ். “அண்ணே, விருந்துக்கு வாங்க” என்றான். இந்தக் குடும்பத்தில் பிறந்தும் அண்ணன் நம்பிப் போனார். 935 வாக்கில், விருந்துக்கு மறுநாள் காலை, கோயில் வாசலிலேயே கதையை முடித்தார்கள். அந்த நேரம் பிறந்த தம்பி மகனுக்கு ‘பயங்கர விருந்து’ என்று பொருள்படும் பெயரே வைத்தார்களாம். அதன் பிறகுதான் பேரரசர் முதலாம் ஓட்டோ, போய்ச் சேர்ந்தவருக்கு ராஜா பட்டம் கொடுத்தார் என்பார்கள். நிலுவைச் சம்பளம் பற்றித் தகவல் இல்லை.

1853இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் மேசன் நீல் இந்தப் பாட்டை எழுதினார். மெட்டு 1582இல் அச்சான ‘பியே கான்தியோனெஸ்’ தொகுப்பில் கிடைத்தது. அது வசந்தகாலப் பாட்டு. பூக்களை உதறிவிட்டுப் பனியைக் கொட்டினார் நீல். கதையில் விறகு பொறுக்கும் ஏழைக்கு ராஜா இறைச்சியும் மதுவும் விறகும் சுமந்து போகிறார். அந்த ஏழையின் வீடு எங்கே? காட்டு வேலியை ஒட்டி! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

1928இல் ‘ஆக்ஸ்ஃபோர்டு புக் ஆஃப் கேரல்ஸ்’ தொகுத்தவர்கள் இந்தப் பாட்டு வழக்கொழிந்து போகட்டும் என்று விரும்பினார்கள். 1963இல் பீட்டில்ஸ் தங்கள் ரசிகர்களுக்கான கிறிஸ்துமஸ் இசைத்தட்டில் இதையே பாடிக் கிண்டலடித்தார்கள். விருப்பம் பலித்த லட்சணம் இது.

பிராகில் வென்செஸ்லாஸ் தம் பெயர் கொண்ட சதுக்கத்தில் கம்பீரமாகக் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். பக்கத்து லுசெர்னா கட்டடத்திலோ சிற்பி டேவிட் செர்னி வேறு மாதிரி செய்து வைத்திருக்கிறார்: தலைகீழாகத் தொங்கும் செத்த குதிரை, அதன் வயிற்றின் மேல் நம் ஆள். முகத்தில் சலனமே இல்லை. தம்பி வீட்டு விருந்தையே பார்த்தவருக்குக் குதிரை ஒரு பொருட்டா?