பல் உடம்பில் சேர்த்தியா?

அனுப்புநர்: மேலே மூன்றும் கீழே இரண்டும் இழந்த பாலிசிதாரர்.

பெறுநர்: க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: பல் என்பது உறுப்பா, நகையா என்று தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பாலிசிப் புத்தகம், விலக்குகள் பகுதி, பொடி எழுத்து.

ஐயா / அம்மா,

பதற வேண்டாம், இது க்ளெய்ம் இல்லை. வருஷக்கணக்கில் பல்லோடு மல்லுக்கட்டிய பிறகு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். சொந்தக் காசில்தான். நாற்காலியில் சாய்வதற்கு முன் ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாமே என்று எழுதுகிறேன்.

உங்கள் பாலிசிப்படி பல் வைத்தியத்துக்குப் பணம் கிடையாது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் உண்டு. உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நாட்டில் விற்கிற பெரும்பாலான பாலிசிகளில் ஏறக்குறைய இதே வரிதான். அந்தப் பக்கத்தில் பல்லுக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் பிளாஸ்டிக் சர்ஜரி, சாகச விளையாட்டு, போதைப் பழக்கம். என் கடைவாய்ப் பல் ஆயுளில் செய்த ஒரே சாகசம் கோகுலாஷ்டமி சீடையைக் கடித்தது. அதற்கு இந்தச் சகவாசமா?

இன்னும் புரியாதது விபத்துச் சங்கதி. ஒரு பல் பல வருஷமாக மெல்ல மெல்லச் சொத்தையாகி, ராத்திரி ஒரு மணிக்குக் கிராம்புத் தைலப் பஞ்சோடு கூடத்தில் உலாத்தவைத்தால் அது உங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை. அதே பல்லை வேகத்தடையில் வண்டியோடு விழுந்து ஒரு நொடியில் பெயர்த்துக்கொண்டால் உடனே மரியாதைக்குரிய நோயாகிவிடுகிறது. அதிலும் ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுப் படுத்தால்தான். பல் டாக்டரிடம் இருப்பதோ நாற்காலி. நான் ஹெல்மெட் போட்டு நிதானமாக வண்டி ஓட்டியதில் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா?

முன்பே இருந்த நோய் என்றால் காத்திருக்கச் சொல்வீர்கள். அதற்கும் ஒரு கெடு உண்டு. அதிகபட்சம் நான்கு வருஷம் என்றிருந்ததை 2024-ல் ஒழுங்குமுறை ஆணையம் மூன்றாகக் குறைத்தது. சர்க்கரைக்கு விடிவு உண்டு, ரத்தக் கொதிப்புக்கு விடிவு உண்டு. பல்லுக்கு மட்டும் ஆயுள் தண்டனை.

எங்கள் தெருவில் ஒரு மாமாவுக்குக் கண்புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். காலையில் போனவர் சாயங்காலம் வீட்டில் காபி குடித்தார். நீங்கள் பணம் கொடுத்தீர்கள். அவர் வீட்டு மாமிக்கு முட்டி தேய்ந்து உலோக மூட்டு வைத்தார்கள், அதற்கும் கொடுத்தீர்கள். ரொம்ப சந்தோஷம். தேய்ந்த முட்டியில் உலோகம் வைத்தால் வைத்தியம், விழுந்த பல்லின் இடத்தில் உலோகம் வைத்தால் ஒப்பனை என்று எந்த உடற்கூறு புத்தகத்தில் படித்தீர்கள்? மாமி நடப்பது அவசியம். நான் மெல்லுவது ஆடம்பரம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொன்னவர்களுக்குக் காப்பீட்டுத் தொழில் தெரியாது போலிருக்கிறது.

என் பல் வரலாறு நீங்கள் கேட்காத ஆவணம் என்றாலும் சுருக்கமாக இணைக்கிறேன். முதலில் சொத்தையை அடைத்தார்கள். பிறகு ரூட் கெனால், அதன் மேல் கேப். அந்தப் பல்லும் பிளந்து பிடுங்கியபின் பிரிட்ஜ். பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் இருபுறமும் இருக்கிற, ஒரு பாவமும் அறியாத இரண்டு பற்களைச் சீவித் தூணாக்க வேண்டும். நாளடைவில் தூண்களும் உள்ளுக்குள் சொத்தையாகி மொத்தமும் கையோடு வந்தது. அடுத்து, கழற்றி மாட்டும் செட். கல்யாணப் பந்தியில் அப்பளம் வரைக்கும் அது ஒத்துழைக்கும். முறுக்கு வந்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்டில் குழந்தைகளுக்கு" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குழந்தை யாரும் இல்லை.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் ஓட்டிப் பேனா முனையால் காட்டினார். பல் இருக்கிற இடத்தில் தாடை எலும்பு மேடாக நின்றது. பல் போன இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மெல்லும்போது வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அந்த எலும்புக்கு வேலை. அது நின்றால் எலும்பு கரையும். "இன்னும் தள்ளிப்போட்டால் ஸ்க்ரூ பிடிக்க இடம் இருக்காது சார், எலும்புத் தூள் வைத்துக் கட்ட வேண்டிவரும், செலவு ஏறும்" என்றார். ஏற்கெனவே சொன்ன செலவு ஒரு பல்லுக்கு முப்பத்தைந்தாயிரம். எலும்பு இடத்தைக் காலிசெய்த வேகத்தைப் பார்த்தால், மாற்றலாகிப்போன உத்தியோகஸ்தரின் நாற்காலியைக்கூட அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடாது.

டாக்டரம்மா சொன்ன ஸ்க்ரூ டைட்டானியம். 1952-ல் ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் கவனித்துவந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப்போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் வைத்துப் பார்த்தார். லார்சன் நாற்பது வருஷத்துக்கு மேல் அதே பல்லில் மென்று 2006-ல் காலமானார். எலும்புக்கே ஆட்சேபம் இல்லாத பொருளுக்கு உங்கள் அலுவலகத்தில்தான் ஆட்சேபம். முயல் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

எனக்கும் அப்படித்தான் நடக்கப்போகிறது. ஸ்க்ரூவை இறக்கி ஈறை மூடித் தைப்பார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். பிறகு மேலே பல். அதற்குள் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகைபிடிக்கக் கூடாது என்று கண்டிப்பு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கடினம், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது பல் மருத்துவ மாணவர்களுக்கே தெரியும். சர்க்கரையால் வரும் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறீர்கள். ஈறை எட்டிப்பார்க்க மாட்டீர்கள். சொத்தைப் பல்லின் சீழ் தாடைக்கடியில் இறங்கிக் கழுத்து வீங்கி மூச்சை அடைத்து ஐசியூ வரைக்கும் கொண்டுபோன கேஸ்களும் மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. அந்தக் கட்டத்தில் ஒருவேளை உங்கள் மனம் இரங்கலாம். அதற்கு முன்பே சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை அது.

தப்பு முழுக்க உங்களுடையதும் அல்ல. 1948-லேயே பல் மருத்துவர்களுக்குத் தனிச் சட்டம் போட்டு, தனிக் கவுன்சில் வைத்து, 2023-ல் அதையும் மாற்றித் தனி ஆணையத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். தனிச் சட்டம் இருப்பதைப் பார்த்துப் பல் வேறு தேசம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பிரீமியம் வாங்கும்போது அந்தப் பாகுபாடு இல்லையே! 2025 செப்டம்பர் 21 வரை அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டினேன். பல் நீங்கலாக என்று யாரும் கழித்துக்கொடுக்கவில்லை.

குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதிவைத்ததை நீங்கள் மீறவில்லையே, அவர்தான் என்ன செய்வார்? ஆகவே உங்களிடமே கேட்கிறேன். போன வாரம் தபாலில் வந்த உங்கள் வண்ணக் கையேட்டின் அட்டையில் அப்பா, அம்மா, பையன், பெண் என ஒரு குடும்பம் ஈறு தெரியச் சிரிக்கிறது. அவ்வளவு பெரிய படத்தில் எடுப்பாகத் தெரியும் உறுப்பு எதுவோ, அதற்குத்தான் உங்கள் பாலிசியில் இடமில்லை. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் பல்லைப் பாலிசியில் சேருங்கள். முடியாதென்றால், அந்தக் குடும்பத்தை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தவணை தவறாத பாலிசிதாரர்

நகல்: காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.