குளிர் தேடும் முக்குளிப்பாளருக்கு

கேள்வி: குளிர்க்கடலில் மூழ்கிய கப்பல்களுக்குள் போய் வந்த அனுபவசாலி நான். ராமேஸ்வரம் பக்கம் அப்படி ஏதாவது தேறுமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: குளிருக்குக் கொடைக்கானல்தான் ஐயா போக வேண்டும்! பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். உங்கள் ஊர்ச் சங்கு குளிப்பவர்கள் உருளையே கட்டாமல் இறங்கி ஏறிய கடலில், நீங்கள் மூட்டை மூட்டையாகக் கருவி கட்டி இறங்கினால் சிரிப்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி வேண்டும்.

மரக்கப்பல் என்றால் ஆசையை விடுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் கப்பல் புழு விருந்தே வைத்துவிடும். (பெயர்தான் புழு, ஜாதி சிப்பி!) உப்புக் குறைந்த பால்டிக் கடலில் அதற்கு வாழ்வில்லை. அதனால்தான் 1628-இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலை 1961-இல் ஏறக்குறைய முழுசாகவே தூக்க முடிந்தது.

இரும்புக் கப்பல் போதுமென்றால் மட்டக்களப்புக்கு விமானம் ஏறுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே தனிப்பயிற்சி இல்லாமல் இறங்கினால், நைட்ரஜன் மயக்கத்தில் மீனிடமே வழி கேட்பீர்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட கப்பல் அது. பார்த்துவிட்டு வாருங்கள், நினைவுக்கென்று ஓர் ஆணியைக்கூடக் கழற்றி வராதீர்கள்.