பாலத்தைக் கேட்டியா, தம்பி?

வா தம்பி, வா. இந்தத் திண்ணையில உக்காரு. மூணு நாளா செல்போன்ல வண்டிப் படமாத் தேய்ச்சுக்கிட்டு இருக்கியாமே? சின்ன வண்டியா பெரிய வண்டியான்னு ராத்தூக்கமே இல்லையாம். உங்கம்மா சொல்லிட்டுப் போனா. பொண்ணு பாத்தப்பகூட நீ இம்புட்டு யோசிக்கலயேடா.

இந்தக் கவலை ஒண்ணும் புதுசு இல்ல. எங்கப்பாருக்கும் வந்துச்சு. ஒத்தை மாட்டு வண்டி போதுமா, ரெட்டை மாட்டு வண்டி வேணுமான்னு. அவரு சந்தைக்கும் போவல, தச்சனையும் கேக்கல. வாய்க்கால் கரையோட நடந்து போனாரு. களத்துக்குத் திரும்புற பாலத்து மேல நின்னாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து அகலத்தை அளந்தாரு. சோலி முடிஞ்சுது. நீ பாலத்தைக் கேட்டியா?

2005-ல டாட்டா ஏஸ் வந்துச்சு. ரெண்டே சிலிண்டரு, 702 சிசி, 750 கிலோ லோடு. நம்ம பக்கம் எவன் அதை ஏஸுன்னு சொல்றான்? சின்ன யானைதான். அதுல ஒரு கதை உண்டு. வண்டியைச் செய்யறதுக்கு முன்னாடி, மூணு சக்கர வண்டிக்காரங்ககிட்ட போயி உங்களுக்கு என்னப்பா வேணும்னு கம்பெனி ஆளுங்க கேட்டாங்களாம். ஒருத்தன் லோடைப் பத்தியும் பேசல, மைலேஜைப் பத்தியும் பேசல. நாலு சக்கரம் இருந்தா ஊர்ல நல்ல எடத்துல பொண்ணு கெடைக்கும்னானாம். பாத்தியா? நெல்லு ஏத்துறதுக்கு முன்னாடியே கவுரவம் ஏறி உக்காந்துக்கிச்சு.

அப்புறம் சின்ன யானையும் சின்னதாத் தெரிய ஆரம்பிச்சுது. 2011-ல ஓசூர்லேருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துச்சு, ஒண்ணேகால் டன்னு. மகிந்திரா பொலேரோ பிக்கப்பு ஒண்ணரை டன் பக்கம். பக்கத்து வூட்டுக்காரன் ஒண்ணு வாங்கினா, அதைவிட ஒரு சாண் நீளமா நமக்கு வேணும். அப்படித்தானே?

சரி, கணக்குக்கு வா. உனக்கு இருக்கறது ஆறு மா. ரெண்டு ஏக்கரு. மாவுக்குப் பத்து மூட்டை கண்டுமுதல்னு வையி. மூட்டைக்கு அறுபது கிலோ, ஆக 3600 கிலோ. சின்ன யானையில பன்னெண்டு மூட்டை ஏத்தினா அஞ்சு நடை. ஒண்ணேகால் டன் வண்டியில இருவது மூட்டை, மூணு நடை. மிச்சம் ரெண்டு நடை. குறுவைக்கு ரெண்டு, சம்பாவுக்கு ரெண்டு. வருஷத்துக்கு நாலு நடை மிச்சம் புடிக்க லட்சக்கணக்குல கூடுதல் கடனா? அவசரமா கொண்டுபோயி என்னா பண்ணப் போற? கொள்முதல் நிலையத்துல டோக்கனை வச்சுக்கிட்டு, ஈரப்பதம் பாக்கற வரைக்கும் நெல்லுக்குக் காவலா நீயும் படுத்துக் கெடக்கணும். அங்க வேகமா போயி வேகமா காத்துக் கெடக்கவா?

ஆனை அசைஞ்சு திங்கும், வீடு அசையாம திங்கும்பாங்க. டியூ வண்டி ரெண்டுக்கும் மேல. கொட்டாயில நின்னுக்கிட்டே திங்கும். மேட்டூர் அணை ஜூன் 12 தொறந்தாலும் தொறக்காட்டியும், டியூ மாசாமாசம் தேதி தவறாம வாயைத் தொறக்கும்.

நம்ம ஊர்லயே ஒருத்தன் பெருசா ஒண்ணு எடுத்தான். பேரு வேணாம், தெருவுல போறப்ப மொறைப்பான். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரா வயக்காட்டுக்கு ஓட்டுனான். மதகுப் பாலத்துக்கிட்ட வந்தா, வண்டி அகலம் வேற, பாலத்து அகலம் வேற. ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கப் பாத்துச்சு. பின்னாடியே எடுத்துட்டான். இப்ப என்னா பண்றான் தெரியுமா? வயல்லேருந்து ரோட்டுக்கு மூட்டையைக் கொண்டாற டிராக்டருக்கு வாடகை குடுக்கறான். ரோட்டுலேருந்து இவன் வண்டி. கேட்டா, "ரோட்டுல போறப்ப இழுவை பாருங்க பெரியப்பா"ங்கறான். பாத்தேன் பாத்தேன், டிராக்டர் இழுத்ததையும் சேத்துப் பாத்தேன்.

இதுல நீ ஹைலக்ஸ் படத்தை வேற காட்டுற. டயோட்டாக்காரன் 2022-ல இங்க எறக்கினது. வந்தப்பவே முப்பது லட்சத்துக்கு மேல. நீளம் பதினேழு அடிக்கும் கூட. நம்ம வூட்டு மாட்டுக் கொட்டாயே அம்புட்டு நீளம் இல்லியேப்பா! சரி, லோடு எம்புட்டுன்னு படிச்சுப் பாத்தியா? அரை டன்னுக்கும் கம்மி. சின்ன யானை சொமக்கறதைக்கூட அது சொமக்காது. நாலு கதவு வச்சு ஆளு உக்கார எடம் குடுத்தா, மூட்டைக்கு எடம் எங்கேருந்து வரும்? அது மலைமேட்டுல ஏறுறவனுக்கும் சேத்துல மாட்டுறவனுக்கும் செஞ்சது. நமக்கும் சேறு உண்டுதான், இல்லைங்கல. ஆனா முப்பது லட்சத்தை நாத்தங்கால் சேத்துல எறக்க உனக்கு மனசு வருமா? கரையில நிறுத்திட்டு நடந்துதான போவ?

அதுக்காகப் பெருசே வேணாம்னு சொல்லல. தினம் வாடகை ஓட்டப் போறியா? திருவையாத்துப் பக்கம் வாழைத்தாரு ஏத்திக்கிட்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போவியா? அப்ப ஒண்ணரை டன்னு வாங்கு. சின்னதுல ரெண்டு டன்னை ஏத்தி, வல்லம் மேட்டுல அது மூச்சு வாங்கி, பின்னாடி பட்டை ஒடிஞ்சு நிக்கறதைவிட அது மேலு. வைக்கோல் கட்டு வாங்கி விக்கறவனுக்குக் கணக்கு இன்னும் வேற. வைக்கோலு கனக்காது, எடத்தைத்தான் அடைக்கும். அவன் டன்னைப் பாக்கக் கூடாது, தொட்டி நீளத்தைப் பாக்கணும். கடைக்காரன் இதெல்லாம் சொல்ல மாட்டான். அவன் காட்டுறது பாட்டுப் பொட்டியை.

காயிதக் கணக்கையும் கேட்டுக்க. லோடோட சேத்து மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டலேன்னா சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டு வேணாம். தாண்டினா வேணும். லைசென்ஸுக்குப் பயப்படாத. 7500 கிலோவுக்குள்ள இருக்கற வண்டிக்குக் காரு லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டுது. உன் மாமனாரு என்னா சொல்லுவாருங்கறதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் தீர்ப்பு கெடையாது.

என்னா, மூஞ்சி சுருங்குது? பெருசுதான் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தியா? முன்னாடியே சொல்லியிருந்தா என் தொண்டைத்தண்ணி மிச்சமாயிருக்கும்ல. சரி, வாங்கு. வாங்கின கையோட கும்பகோணத்துக்கு என்னை ஒரு நடை கூட்டிட்டுப் போ, கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவணும். வர்றப்ப உங்க வூட்டு முக்காலியை மறக்காம எடுத்துட்டு வா. அம்புட்டு ஒசரத்துல ஏற எனக்கு மூட்டு கேக்காது.