குறிஞ்சி நிலத்தில் நெய்தல் தொட்டி: கம்போங் ராஜாவை முன்வைத்து ஓர் ஆய்வு

கடல்மீன் தொட்டி வைக்கக் கடலோரமே ஏற்ற இடம் என்றொரு கருத்து, யாரும் ஆராய்ந்து பார்க்காமலே ஊரில் நிலைத்துவிட்டது. முதன்முறையாகப் பவளத்தொட்டி வைக்க நினைப்பவர் குவாந்தானிலோ கிள்ளானிலோ இருந்து அல்லற்படுவதைவிட, கேமரன் மலையின் வடகோடியில், புளூவேலித் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கம்போங் ராஜாவில் குடியிருப்பது நல்லது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சிரிப்பவர்கள் முதலில் ஒரு நிர்வாக உண்மையைக் கவனிக்க வேண்டும். 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட தியோமான் தீவும் பகாங் மாநிலம். கம்போங் ராஜாவும் பகாங் மாநிலம். பவளத்துக்கும் கொழுந்துக்கும் மந்திரி பெசார் ஒருவரே. நடுவில் கிடக்கும் மலையும் காடும் கடலும் வெறும் புவியியல்.

முதற்சான்று வெப்பம். தொட்டிப் பவளம் 24 முதல் 26 பாகை செல்சியசில் சுகமாக இருக்கும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. நீர் 30 பாகையைத் தாண்டி நெடுநாள் நின்றால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சமவெளி வீட்டிலோ கூடத்தின் வெப்பமே பகலில் 30ஐத் தொடும். அதன்மேல் விளக்குச் சூடு, பம்புச் சூடு. ஆகவே சில்லர் வாங்குகிறார்கள். சில்லர் தொட்டியின் சூட்டை எடுத்து அதே கூடத்தில் கொட்டுகிறது. கூடத்தைக் குளிரவைக்க ஏர்கான் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் மின்கட்டணம் வருகிறது. கேமரன் மலையில் பகலே 25 பாகையை அரிதாகத்தான் தாண்டும், இரவில் 15 பக்கம் இறங்கும். அங்கே வேண்டியதெல்லாம் ஒரு ஹீட்டர், அதாவது கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பி. சூட்டை உண்டாக்குவது எளிது, விரட்டுவதுதான் கடினம். இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு தொடர்புடைய செய்தி. விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, முன் தோட்ட லயத்தில் வெந்நீர் வைத்துக் குளித்த எல்லாரும் விதியின் எண்ணைக் கேட்காமலே இதை அறிந்திருந்தார்கள்.

புலவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் வரம்பு கட்டியிருக்க, குறிஞ்சியில் நெய்தலைக் கொண்டுபோய் வைப்பது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தொட்டியில் வருவது நிலமன்று, நீரும் கருப்பொருளுமே. வேற்று நிலத்துப் பூவும் புள்ளும் வந்து சேர்ந்தால் வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்றும் அதே இயல் இடம் தருகிறது. மீனை அங்கே சொல்லாதது விலக்கு ஆகாது. எனவே கம்போங் ராஜாவுக்கு வந்த கோமாளி மீன் குறிஞ்சி மீன் எனத் துணியலாம். நெய்தலின் உரிப்பொருளான இரங்கல் புதியவரின் தொட்டியில் தவறாமல் நிகழ்வதையும் காண்கிறோம். அதற்குக் காரணம் நிலமல்ல, அவசரம். புதுத் தொட்டியில் மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்க வேண்டும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்க வேண்டும். இவை பாறையிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது முல்லைத் திணை, இருத்தல். பட்டணத்துக்காரர் முதல் சனிக்கிழமையே கடைக்குப் போய் நீலநிற மீன் ஒன்றை வாங்கி வருகிறார். கம்போங் ராஜாக்காரர் அதற்குச் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கி ஏற வேண்டும். அத்தனை வளைவுகளும் பாக்டீரியாவின் பக்கம்.

இயற்பியலார் எழுப்பும் தடை இதைவிடக் கனமானது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 25 பாகைக் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜனை ஏற்கும் என்றால், மலைமேல் 5.7க்கு வந்து நின்றுவிடும். விளக்கணைத்த இரவில் பாசியும் சுவாசிக்கத் தொடங்குவதால் இன்னும் இறங்கும். இதை மறுக்க முடியாது. ஏற்றுக்கொண்டு, மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்பைத் திருப்பி வைத்து, மீனைக் குறைவாக விட வேண்டும். புதியவருக்கு எந்த உயரத்திலும் சொல்லப்படும் அறிவுரை இதுதான். மலை அதைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவே.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். மலையோடைத் தண்ணீர் தூயது என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிட வேண்டும். மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் உரமும் மருந்தும் அதில் வரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டாத பாசியை வளர்க்கும், செம்பு கலந்தால் இறால் வகையும் பவளமும் சாகும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல்தொட்டி உப்பைக் கரைப்பதே வழி. சமையல் உப்பு உதவாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. குளிர்ந்த அறையில் வெதுவெதுப்பான நீர் ஆவியாகிச் சுவரில் பூத்து நிற்கும். நீர்தான் போகும், உப்பு போகாது. குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. கடலே கண்ணில் படாத ஊரில் இதெல்லாம் எதற்கு என்போர் சிம்பாங் பூலாயில் சாலையோரச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கட்டும். அவை 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலில் படிந்தவை. கம்போங் ராஜாவின் முட்டைக்கோசு லோரி நாள்தோறும் ஒரு பழைய கடலைக் கடந்துதான் ஈப்போவுக்குப் போகிறது.

கடலருகே இருப்பவருக்கு, பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய உயிர்ப்பாறையை அள்ளி வரலாம் என்று ஆசைகாட்டினால் அது புதியதல்ல. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் எழுதி உலகுக்குச் சொன்னதே, உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழும் போதும் என்னும் முறைதான். ஆனால் மலேசியக் கடற்பூங்காவில் பவளத்தைப் பெயர்ப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடுக்கிறது. கம்போங் ராஜாவாசிக்கு இந்தச் சபலத்துக்கே வழியில்லை.

மிச்சம் மின்தடை. கேமரன் மலை நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த 0.8 மெகாவாட் சிறுநிலையம் ஒன்று கம்போங் ராஜாவிலேயே இருக்கிறது. என்றாலும் மின்சாரம் நிற்கும் இரவும் வரும். முதலில் தீர்வது சூடல்ல, ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். ஹீட்டர் வாங்கும்போது பெரியது ஒன்றாக வாங்காமல் சிறியவை இரண்டாக வாங்குங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துவிடாது, ஒன்று செத்தாலும் விடியும்வரை மற்றது தாங்கும்.