துணியா, டயப்பரா?

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியே உத்தமம் என்கிறார் மாமியார், டயப்பர்தான் சௌகரியம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: துணியின் மகிமையை வர்ணிப்பவர் ஒருவராகவும், அதை அலசிப் பிழிபவர் வேறொருவராகவும் இருப்பதே லோக வழக்கமாதலால், தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் துவைப்பவரிடமே ஒப்படைப்பது நியாயம். அந்த நபர் தாங்கள்தான் என்று ஊகிக்கிறேன். துணியைக் கொதிநீரில் துவைத்து, இயந்திரச் சூட்டில் உலர்த்தினால் பூமிக்கு அது டயப்பரைவிட அதிகக் கேடு விளைவிக்கக்கூடும் என்றும், வெளிக்காற்றில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே உபயோகித்தால் கேடு வெகுவாகக் குறையும் என்றும் பிரிட்டனில் 2008-இல் வெளியான அரசாங்க ஆய்வு ஒன்று கூறுகிறது. கும்பகோணத்து மொட்டைமாடியில் சூரிய பகவான் இவ்வேலையைக் கூலியின்றியே செய்கிறார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் அவரை நம்புவதற்கில்லை; அப்போதும், ரயில் பிரயாணத்திலும் கணவர் கட்சிக்குத் தாராளமாக மாறிக்கொள்ளலாம்.

ஆனால், டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வஸ்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால், குழந்தை அழவில்லை என்பதையே அத்தாட்சியாகக் கொண்டு மணிக்கணக்கில் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள், தோல் தடித்துவிடும். கழற்றியதைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால், அடுத்த கேள்வியைக் குழாய் ரிப்பேர்காரரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.