கல்லில் வெட்டிய கணக்கு

ஸ்ரீரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. பெரும்பாலானவை கொடைக் கணக்கு: யார் கொடுத்தார், எவ்வளவு பொன், எந்த ஊர் நிலம், அதைக்கொண்டு எந்த விளக்கு எரிய வேண்டும் என்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கலாம். நம் கலைவிழா சபாக்களும் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கத் தவறுவதில்லை. பாடகரைவிடப் பெரிய எழுத்தில் மேடைப் பதாகையில் நகைக்கடை மின்னும். வரவுப் பக்கம் இவ்வளவு வெளிச்சம். செலவுப் பக்கத்தில் மட்டும் மின்தடை. பொன்னாடைக்கு எவ்வளவு, மிருதங்கக்காரருக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வாய்ப்பதில்லை. (ஒருவேளை நல்லதற்குத்தான்.)

சட்டத்தில் குறையில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கையான கணக்கு பதிவாளருக்குப் போக வேண்டும். போகிறது என்றே வைத்துக்கொள்வோம். பதிவாளர் கச்சேரிக்கு வருவதில்லை, சந்தா கட்டிய ரசிகர் வருகிறார். கணக்கு அவர் கைக்கும் வர வேண்டும். ‘சம்பளமில்லாத சேவை, கேள்வி கேட்டால் யார் வருவார்கள்?’ என்பார்கள் சபா நிர்வாகிகள். நியாயம்தான். ரயில்வே வேலைக்கு நடுவே 1914-இல் எஃப்.ஜி. நடேச அய்யர் தொடங்கியதுதான் திருச்சி ரசிக ரஞ்சன சபா. ஆர்வலர் இல்லையேல் கச்சேரி இல்லை. ஆனால் உழைப்பு இலவசம் என்பதால் பணமும் சொந்தமாகிவிடாது. ‘தொகையே சொற்பம், அதற்கு அறிக்கையா?’ என்றும் கேட்கலாம். சொற்பமானால் நிகழ்ச்சி நோட்டீசின் பின்பக்கத்திலேயே அடங்கிவிடும். அங்கே இப்போது அப்பள விளம்பரம் இருக்கிறது.