கழுதை ஏறும் மலையும் ஓட்டு ஏறாத மதிலும்

அனுப்புநர்:
மனு எழுதுபவன்,
தாலுகா ஆபீஸ் எதிரில்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
இந்தியத் தேர்தல் ஆணையம்,
நிர்வாசன் சதன், புதுதில்லி.

பொருள்: சிறையில் இருப்பவர்களின் ஓட்டு – காணாமல் போனது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5).

ஐயா,

மனு என்றாலே குறை சொல்ல வருகிறான் என்று தாங்கள் முகம் சுளிக்க வேண்டாம். நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். எங்கள் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை என்று ஒரு ஊர் உண்டு. வண்டி போக வழியில்லாத அந்த மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றி அனுப்பினீர்கள். பின்னாலேயே அதிகாரிகளும் போலீஸ்காரர்களும் மூச்சு வாங்க நடந்தார்கள். மறுநாள் பேப்பரில் கழுதைக்குப் படம் வந்தது. வேட்பாளர்களில் சிலருக்கே கிடைக்காத மரியாதை அது. இப்போது 85 வயது தாண்டியவர்களின் வீட்டு வாசலுக்கே பெட்டியோடு வருகிறீர்கள். குஜராத்தின் கிர் காட்டுக்குள் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு வாக்குச்சாவடி வைத்தீர்கள் என்றும் படித்திருக்கிறேன். ஓட்டின் அருமை தெரிந்தவர் தாங்கள்.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு சந்தேகம் கேட்கிறேன். சேலம் மத்திய சிறை மலை மேல் இல்லை. நடு ஊரில் இருக்கிறது. வாசல்வரை தார் ரோடு. டவுன் பஸ் போகிறது. காவலுக்கு ஆள் தேட வேண்டாம், ஏற்கெனவே நிற்கிறார்கள். வாக்காளர்களை வீடுவீடாகத் தேட வேண்டாம், காலையும் மாலையும் எண்ணித்தான் அடைக்கிறார்கள். இத்தனை வசதியுள்ள இடத்துக்குத் தங்கள் ஓட்டுப்பெட்டி இதுவரை வழி கண்டுபிடிக்காதது ஏன்?

கேள்வி என்னுடையது இல்லை. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் என்னிடம் மனு எழுத வந்த ஒரு அம்மாவுடையது. மடியிலிருந்து நான்கு பூத் சிலிப்பை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டுக்காரருடையது, அவருடையது, மருமகளுடையது, மகனுடையது. மகன் மணல் கேஸில் ரிமாண்ட் ஆகி உள்ளே இருந்தான். “ஏங்கண்ணா, வர்ற வாரம் ஜெயிலுக்கு மனு பாக்கப் போறேன். இந்தச் சீட்டைப் பையன்கிட்ட குடுத்தா, அங்கயே ஓட்டுப் போட வுடுவாங்களா?” என்றார். விடமாட்டார்கள் என்றேன். “அப்பறம் எதுக்கு இந்தச் சீட்டை வூட்டுக்கே கொண்டாந்து குடுத்தாங்க?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம்தான் இருக்க வேண்டும்.

கேஸைக் கொஞ்சம் விளக்கினால் தாங்களே ரசிப்பீர்கள். மணல் அள்ளிய டிராக்டரின் ஓனரும் டிரைவரான அந்த மகனும் ஒரே எஃப்.ஐ.ஆரில் இருந்தார்கள். ஓனருக்கு முன்ஜாமீன் கிடைத்தது. டிரைவருக்கு வக்கீல் பீஸ் கட்டவே வழியில்லை. வாக்குப்பதிவு அன்று ஓனர் வெள்ளை வேட்டியில் வந்து ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். ‘ஜனநாயகக் கடமை ஆற்றினேன்’ என்று கீழே எழுதியும் இருந்தார். இருவர் மேலும் ஒரே பிரிவு, ஒரே குற்றச்சாட்டு. ஒருவர் வாக்காளர், இன்னொருவர் கைதி. நடுவில் இருந்தது ஜாமீன் காசு.

இதைத்தான் பிரிவு 62(5) சட்டமாக்கி வைத்திருக்கிறது. தண்டனை பெற்றவரோ, விசாரணையில் இருப்பவரோ, போலீஸ் காவலில் நிற்பவரோ, அடைபட்டிருக்கும் எவரும் ஓட்டுப் போடக் கூடாது. ஆனால் குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஜாமீனில் வெளியே நடமாடுபவர் தாராளமாகப் போடலாம். சட்டம் குற்றத்தைப் பார்ப்பதில்லை, கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 1955இலேயே ஒழிக்கப்பட்ட நாடு கடத்தல் தண்டனையைக்கூட அந்தப் பிரிவு இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அந்தமானுக்குக் கப்பல் ஏறப் போகிறவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களுக்கும் ஓட்டு இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் தபால் ஓட்டுப் போடலாம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், குண்டாஸில் உள்ளே போனவருக்கு ஓட்டு உண்டு. கோழி திருடி உள்ளே போனவருக்கு இல்லை. பொது அமைதிக்கே ஆபத்தானவர் என்று கலெக்டர் கையெழுத்துப் போட்டுப் பூட்டிய ஆளிடம் நாட்டின் எதிர்காலத்தை நம்பி ஒப்படைக்கிறீர்கள். கோழி பிடித்தவனைத்தான் நம்ப முடியவில்லை. அந்த அம்மாவிடம், “பேசாமல் உங்கள் மகன் மேல் குண்டாஸ் போடச் சொல்லி எஸ்.பி.க்கு ஒரு மனு எழுதித் தரட்டுமா?” என்று கேட்க நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

இன்னொரு அதிசயம். உள்ளே இருப்பவர் ஓட்டுப் போடக் கூடாதே தவிர, ஓட்டுக் கேட்கலாம். வாக்களிக்க முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஓட்டுப் போட முடியாவிட்டாலும் அவர் வாக்காளர்தான், ஆகவே வேட்பாளராகலாம் என்றது. ஒரு திருத்தத்துக்கு இந்த நாட்டில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அன்றுதான் கண்டோம். வேண்டியவர்களுக்கு என்றால் வாரக்கணக்கு.

அதன் பலனை 2024இல் பார்த்தோம். காஷ்மீரின் பாராமுல்லாவில் பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே 4.7 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி, அப்போது முன்னாள் முதல்வராக இருந்த உமர் அப்துல்லாவைத் தோற்கடித்தார். அத்தனை பேர் ஓட்டையும் வாங்க அவருக்கு உரிமை இருந்தது, தன் ஓட்டைப் போட மட்டும் இல்லை. நம் ஊரிலும் பார்த்தோமே. செந்தில் பாலாஜி இலாகா இல்லாத அமைச்சராக எட்டு மாதம் காவலிலும் புழல் சிறையிலுமாக இருந்தார். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு வாக்களித்தபோதும் சிறையில் இருந்த அவர் கரூரின் சட்டமன்ற உறுப்பினர், ஆனால் ஓட்டு இல்லாதவர். தில்லி முதல்வராக இருந்த கெஜ்ரிவாலுக்கு அந்த மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. பிரசாரம் செய்யத்தான். பிரசாரத்துக்கு ஜாமீன் உண்டென்றால், அந்தப் பிரசாரத்தைக் கேட்டு ஓட்டுப் போட ஒரு தபால் கவருக்குமா வழியில்லை?

காரணம் இல்லாமல் இல்லை என்பீர்கள். 1997இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. கைதிகளை வாக்களிக்க வைக்க ஏராளமான போலீஸ் வேண்டும் என்பது ஒரு காரணம். கோட்டூர் மலைக் கழுதைகளிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்கிறேன். தன் நடத்தையாலேயே சிறைக்குப் போனவர் சுதந்திரமாக இருப்பவருக்குச் சமமான உரிமை கேட்க முடியாது என்பது இன்னொன்று. விசாரணையே முடியாத டிரைவரின் நடத்தையை அதற்குள் யார் அளந்தார்கள்? குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. மிகவும் சரி. அப்படித் தள்ளி வைத்ததன் விளைவாகத்தான், ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் எண்ணிப் பார்த்தபடி, 2024இல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 251 பேர் தம்மீது குற்ற வழக்குகள் இருப்பதாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். களத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் பாருங்கள்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மேல் எந்த நீதிபதியும் இன்னும் குற்றவாளி என்று எழுதவில்லை. ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவர்களும் இவர்களுக்குள் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், வி.ஏ.ஓ. சான்று வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இந்த மேஜையில் நான் தினமும் பார்க்கிற சங்கதி. முதல்முறை வழக்கில் சிக்கியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணையிலேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு சட்டமன்றத் தேர்தலும் ஒரு உள்ளாட்சித் தேர்தலும் போய்விடும்.

இளைஞர் விஷயத்தில் நம் கணக்கு இன்னும் அழகு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்த பையன் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால் அவனைப் பெரியவனாகப் பாவித்து விசாரிக்கலாம். ஓட்டுக்கு மட்டும் 18 ஆக வேண்டும். தண்டனை பெற்று, 21 வயதில் சிறைக்கு மாற்றிவிட்டால் அப்போதும் ஓட்டு இல்லை. தண்டிக்க வேண்டுமென்றால் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறான், கேள்வி கேட்க வேண்டுமென்றால் வளரவே மாட்டேன் என்கிறான்.

சிறைக்குள் இருப்பவன் கெட்டவன், வெளியே இருப்பவன் நல்லவன் என்ற கணக்கை எங்கள் தருமபுரி மாவட்டத்திடம் மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பிறகு சிறைக்குப் போனது யார் தெரியுமா? அந்த ஊர்ப் பெண்களும் குழந்தைகளும். அடைத்தது அதே சேலம் மத்திய சிறையில். வழக்கு நடந்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டதால் தண்டனை பெற்றவர்கள் 215 பேர். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆகிவிட்டது. இந்த 31 வருடத்தில் ஜாமீனில் இருந்த எந்தக் குற்றவாளியின் ஓட்டையும் பிரிவு 62(5) தொடவில்லை. அந்தப் பெண்கள் சேலம் சிறையில் கிடந்த நாளில் ஒரு தேர்தல் வந்திருந்தால், தேர்தல் களத்தை அசுத்தப்படுத்தும் குற்றப் பின்னணிக்காரர்கள் பட்டியலில் அவர்களைத்தான் சேர்த்திருக்கும்.

எங்கள் பென்னாகரம் வட்டத்தில்தான் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் கண்ணை மூடினார். 1908இல் ராஜதுரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, உடம்பெல்லாம் தொழுநோயோடு 1912இல் சிறையைவிட்டு வந்தவர். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் அவர் நினைவிடத்தில் மாலை போட்டுவிட்டுத்தான் எங்கள் ஊருக்குள் ஓட்டுக் கேட்க நுழைகிறார்கள். இன்றைய சட்டப்படி, சிறையில் இருந்த சிவாவால் தேர்தலில் நிற்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. மாலை மட்டும் உண்டு.

கைதியின் உரிமைகளைப் பறிக்கும் இந்த வழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது வெள்ளைக்காரன். அவன் ஊரில் விசாரணைக் கைதி ஓட்டுப் போடுகிறார். தென்னாப்பிரிக்காவில் 1999இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் கனடாவில் 2002இல் உச்ச நீதிமன்றமும் கைதிகளின் வாக்குரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தன. அங்கெல்லாம் ஆட்சி கவிழ்ந்ததாகத் தெரியவில்லை. தவிர, தங்களுக்கு ஒரு லாபமும் சொல்கிறேன். இடைத்தேர்தல் பார்த்த ஊர்க்காரன் என்ற அனுபவத்தில் சொல்வது இது. வீடுவீடாகப் பணக் கவர் கொடுக்கப் போகிறவர்கள் சிறை வாசலில் பெயர், விலாசம், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பறக்கும் படைக்கு வேலையே இருக்காது.

சட்டம் எழுதியது நாடாளுமன்றம், எங்கள் கையில் இல்லை என்று தங்கள் அலுவலகம் பதில் போடும் என்பது தெரியும். மனு எழுதுபவனுக்கு அந்தப் பதிலின் வாசகம்கூட மனப்பாடம். தேர்தல் சீர்திருத்தம் என்று எத்தனையோ பரிந்துரைகளை அரசுக்கு அனுப்பியவர்கள் தாங்கள். அந்தக் கட்டில் கீழ்க்கண்டவற்றையும் சேர்த்துக் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் அனைவருக்கும் ஓட்டு. தடுப்புக் காவல் கைதிக்கு அனுப்பும் அதே தபால் ஓட்டு போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

2. தண்டனைக் கைதிகளில் யாருடைய ஓட்டைப் பறிப்பது என்பதைக் குற்றத்தின் தன்மையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யட்டும். சிறைக் கதவு முடிவு செய்ய வேண்டாம்.

3. ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்களைத் தேர்தல் அறிவித்த நாளிலிருந்தாவது கணக்கெடுத்து, சொந்த ஜாமீனில் விட நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

4. இவை நடக்கும்வரை ‘100 சதவீத வாக்குப்பதிவு’ என்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விட வேண்டாம். 62(5) இருக்கும்வரை அந்தக் கணக்கு வராது.

எந்தக் கைதியின் தீர்ப்பை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். இத்தனை வருடம் சிறை, இவ்வளவு அபராதம் என்று இருக்கும். ஓட்டைப் பறிக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் அதில் எழுதியதில்லை. நீதிபதி எழுதாத தண்டனையை லட்சக்கணக்கான விசாரணைக் கைதிகள் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நீக்கித் தருமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாக்காளன்
(இன்றைய தேதிவரை வெளியே இருப்பவன்)
பென்னாகரம்.